தென்னாப்பிரிக்காவில் கார் சார்ஜர்: வீட்டிலும் வேலையிடத்திலும் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கும் வழிகள்

முதலில் பட்டென்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் எலெக்ட்ரிக் கார் சார்ஜர் போடுவதற்கென்று தென்னாப்பிரிக்க அரசு தரும் மானியம் எதுவும் இல்லை. கடை, அலுவலகம், பட்டறையில் போடுவதற்கும் இல்லை. விற்பனையாளர் யாராவது "சார்ஸ் (வரித்துறை) பாதிப் பணத்தைத் திருப்பித் தந்துவிடும்" என்று சொன்னால், எந்தச் சட்டப் பிரிவு என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஆனாலும் போட்ட பணத்தில் கணிசமான பங்கைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. சார்ஜர் என்ற பெயரில் வராது, வேறு பெயர்களில் வரும்: தேய்மானக் கழிவு, வாட் (மதிப்புக் கூட்டு வரி) உள்ளீடு, சோலாருக்கான 12பி வரிப் பிரிவு, கிலோமீட்டர் படி, இரவு நேர மின்கட்டணம், கார் வாங்கும்போதே அடிக்கும் பேரம். இதில் எது உங்களுக்குக் கிடைக்கும் என்பதை முடிவு செய்வது ஒரு காகிதம்தான். இன்வாய்ஸ் யார் பெயரில் இருக்கிறது, அதில் செலவு எப்படிப் பிரித்து எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் விஷயம். சுவரில் துளை போட்டு, பணம் கட்டி முடித்த பிறகு வரியைப் பற்றி யோசிப்பவர்களே இங்கு அதிகம். டர்பன் பக்கத்துச் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதும் எனக்கு இது பழகிப்போன காட்சி. அதனால் எந்த வரிசையில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: காலாவதியானதை ஒதுக்குங்கள்

இணையத்தில் தேடினால் பழைய செய்திகள்தான் முன்னால் வந்து நிற்கும். மூன்றை அடையாளம் கண்டு தள்ளிவிடுங்கள்.

முதலாவது வருமான வரிச் சட்டத்தின் 6சி பிரிவு. தனிநபர் வீட்டுக் கூரையில் புது சோலார் பேனல் போட்டால் பேனல் விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 15,000 ராண்ட் வரித் தள்ளுபடி. 2023 மார்ச் 1 முதல் 2024 பிப்ரவரி 29 வரை பயன்பாட்டுக்கு வந்தவற்றுக்கு மட்டும். அப்போதும் இன்வெர்ட்டருக்கோ பேட்டரிக்கோ ஒரு காசு கிடையாது. இரண்டாவது 12பிஏ. தொழில் செய்பவர்கள் சோலார் போன்றவற்றின் செலவில் 125 சதவீதத்தை முதல் ஆண்டிலேயே கழிக்கலாம் என்றது. 2025 பிப்ரவரி 28-உடன் முடிந்தது. மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது அவசரமாகக் கொண்டுவந்தவை இவை. வெட்டு குறைந்ததும் சலுகையும் போய்விட்டது.

மூன்றாவதுதான் ஆளை அதிகம் குழப்புவது. "எலெக்ட்ரிக் காருக்கு 150 சதவீதச் சலுகை" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அது 12வி பிரிவு. எலெக்ட்ரிக் வாகனங்களை இங்கே உற்பத்தி செய்யும் தொழிற்சாலைகள் போடும் முதலீட்டுக்கு, 2026 மார்ச் 1 முதல். கார் வாங்குபவருக்கும் சார்ஜர் மாட்டுபவருக்கும் அதில் எதுவும் இல்லை. 2023 டிசம்பரில் வந்த மின்வாகன வெள்ளை அறிக்கையின் கவனமும் உற்பத்தியின் மேல்தான். இன்னும் வேடிக்கை கேளுங்கள்: ஐரோப்பாவிலிருந்து வரும் பெட்ரோல் காருக்கு இறக்குமதி வரி 18 சதவீதம், எலெக்ட்ரிக் காருக்கு 25. இந்த நிலையில் சார்ஜருக்கு மானியம் எதிர்பார்ப்பது கொஞ்சம் பேராசைதான்.

படி 2: நீங்கள் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

சம்பளம் மட்டும் வாங்குபவர், சொந்தப் பெயரில் தொழில் செய்பவர், கம்பெனி வைத்திருப்பவர், வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர் என்று நான்கு வகை வைத்துக்கொள்ளலாம். சம்பளக்காரருக்கு வீட்டு சார்ஜர் சொந்தச் செலவு. மளிகைச் செலவைப் போல அதை வரியில் காட்ட முடியாது. தொழில் செய்பவருக்கு, அந்தத் தொழிலுக்காகப் பயன்படும் அளவுக்குக் கழிவு உண்டு. வீட்டை வாடகைக்கு விடுவதையும் வரிச் சட்டம் தொழில் என்றே பார்க்கிறது. எனவே குடியிருப்பவருக்காக நீங்கள் போடும் சார்ஜரும் சோலாரும் உங்கள் வாடகைக் கணக்கில் பேசப்பட வேண்டியவை.

சிக்கல் கலப்பில்தான் வரும். பீனிக்ஸில் கடை, அதே வளாகத்தில் வீடு, கார் கம்பெனி பெயரில், மின்கட்டணம் அப்பா பெயரில், சார்ஜர் இன்வாய்ஸ் மகன் பெயரில். நம்மிடையே இது அபூர்வமான அமைப்பு இல்லை. கம்பெனி கழிவு கேட்க வேண்டுமென்றால் கம்பெனி வாங்கியிருக்க வேண்டும்: இன்வாய்ஸில் கம்பெனியின் சட்டப் பெயர், முகவரி, வாட் எண், கம்பெனிக் கணக்கிலிருந்து போன பணம். "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று மகன் கார்டில் தேய்த்தால், பிறகு மாற்றுவது எளிதில்லை.

படி 3: செலவையே குறைக்கப் பாருங்கள்

எந்தச் சலுகையையும் விடப் பெரிய லாபம் தேவையில்லாததைப் போடாமல் இருப்பது. இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக நிற்கலாம்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள்? சாட்ஸ்வொர்த்திலிருந்து டர்பன் நகருக்குள் போய் வருபவர் என்றால் 50 கிலோமீட்டர் என்று வைப்போம். சாதாரண எலெக்ட்ரிக் கார் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 16 முதல் 18 யூனிட் எடுக்கும். அப்படியென்றால் தினமும் 9 யூனிட். காருடன் வரும் கையடக்க சார்ஜரைச் சாதாரண மூன்று பின் பிளக்கில் செருகினால் மணிக்கு 2 யூனிட் ஏறும். இரவு பத்து மணிக்குச் செருகிவிட்டுப் படுத்தால் விடியற்காலைக்குள் வேலை முடிந்தது. இப்படிப்பட்டவருக்கு வால்பாக்ஸ், அதாவது சுவரில் மாட்டும் வேகமான சார்ஜர், தேவையே இல்லை. கார் நிற்கும் இடத்துக்குத் தனி ஒயர், தனி பிரேக்கர், நல்ல தரமான பிளக் பாயின்ட் போட்டால் போதும். தனி ஒயர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சமையலறைப் பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் கேபிளை ஜன்னல் வழியாக இழுத்து, இரவு முழுக்கப் பத்து ஆம்பியர் ஓடவிட்டால் பிளக் கருகும்.

வால்பாக்ஸ்தான் வேண்டும் என்றால் முதலில் டிபி போர்டை, அதாவது பிரேக்கர்கள் இருக்கும் மின் பகிர்வுப் பெட்டியை, திறந்து பாருங்கள். சிங்கிள் பேஸ் வீடுகள் பலவற்றில் மெயின் பிரேக்கர் 60 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் 13.8 கிலோவாட். 7.4 கிலோவாட் வால்பாக்ஸ் ஒன்று மட்டுமே அதில் 32 ஆம்பியரை எடுத்துக்கொள்ளும். மாலை ஆறரை மணிக்குக் கீசர் ஓடுகிறது, அடுப்பில் சோறு, அவனில் பிரியாணி. இதற்கு மேல் காரையும் செருகினால் மெயின் விழும். இதற்கு இரண்டு தீர்வு சொல்வார்கள். ஒன்று, மாநகராட்சியிடம் விண்ணப்பித்து இணைப்பைப் பெரிதாக்குவது. பணமும் போகும், காத்திருப்பும் நீளும். மற்றது, வீட்டின் மொத்தச் சுமையைப் பார்த்துத் தானாகவே கார் சார்ஜிங்கைக் குறைத்துக்கொள்ளும் வால்பாக்ஸ். மெயின் ஒயரில் ஒரு சிறு கிளாம்ப் மாட்டுவார்கள். கீசர் போட்டால் கார் 32 ஆம்பியரிலிருந்து 10-க்கு இறங்கும், கீசர் அணைந்தால் மறுபடி ஏறும். விலை கொஞ்சம் கூடினாலும் இரண்டாவதுதான் என் வாக்கு. இணைப்பைப் பெரிதாக்கும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொன்று. த்ரீ பேஸ் 22 கிலோவாட் பெட்டியை விற்க முயல்வார்கள். காருக்குள் இருக்கும் சார்ஜர் 7 அல்லது 11 கிலோவாட் வரைதான் வாங்கும் என்றால், சுவரில் 22 தொங்கினாலும் அவ்வளவுதான் ஏறும். காரின் புத்தகத்தில் ஏசி சார்ஜிங் எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

படி 4: கார் பேரத்திலேயே சார்ஜரைக் கேளுங்கள்

சம்பளக்காரருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே நேரடி "மானியம்" அநேகமாக இதுதான். புது எலெக்ட்ரிக் கார் விற்கும் சிலர் வால்பாக்ஸைச் சேர்த்தே தருகிறார்கள். சிலர் கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் தரமாட்டார்கள். கையெழுத்துப் போடும் வரைதான் உங்களுக்குப் பலம். மாட்டும் கூலியும் சேருமா, எத்தனை மீட்டர் கேபிள் வரை, டிபி போர்டு வேலை யார் தலையில், சிஓசி (மின் இணக்கச் சான்றிதழ்) யார் தருவார் என்று நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். "இலவச வால்பாக்ஸ்" என்று சொல்லிவிட்டு 25 மீட்டர் கேபிளுக்குத் தீட்டுவது வழக்கமான கதை.

சார்ஜர் விலையைக் கார் கடனில் சேர்ப்பதா, வீட்டுக் கடனில் ஏற்கெனவே கட்டிய தொகையிலிருந்து எடுப்பதா என்ற கேள்வியும் இங்கே வரும். வீட்டுக் கடன் வட்டி பொதுவாகக் குறைவு. ஆனால் இருபது வருடக் கடனில் போட்டு மறந்துவிட்டால் அந்தச் சலுகை வட்டியே மொத்தத்தில் அதிகமாகிவிடும். வீட்டுக் கடனில் எடுத்து, கார் கடன் காலத்துக்குள் கூடுதலாகக் கட்டி முடித்துவிடுங்கள்.

படி 5: உங்கள் மின்சாரம் யாரிடமிருந்து வருகிறது?

தேசிய மின் நிறுவனமான எஸ்காமிடமிருந்து நேரடியாகவா, மாநகராட்சி வழியாகவா என்று பில்லைப் பாருங்கள். டர்பனில் எதெக்வினி மாநகராட்சி. ஜோகன்னஸ்பர்க்கில் சிட்டி பவர், ஆனால் சாண்ட்டன் போன்ற பகுதிகளில் எஸ்காம். லாடியத்தில் இருப்பவர்களுக்கு ஷ்வானே மாநகராட்சி. ஒவ்வொன்றுக்கும் கட்டண அட்டவணை வேறு, அவை ஆண்டுதோறும் மாறும்: எஸ்காமுக்கு ஏப்ரல் 1, மாநகராட்சிகளுக்கு ஜூலை 1.

எஸ்காமில் ஹோம்ஃப்ளெக்ஸ் என்று ஒரு கட்டணம் இருக்கிறது. நேரத்துக்கு ஏற்ப விலை மாறும். வீட்டில் சோலார் போட்டு கிரிடோடு இணைத்தவர்களுக்காக வந்தது. வாரநாட்களில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை மலிவு. காலை, மாலை உச்ச நேரங்களில் எரிக்கும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் உச்ச நேர விலை மிகக் கடுமை. 2025 ஏப்ரலில் எஸ்காம் இதைத் திருத்தியபோது மலிவு நேரத்துக்கும் குளிர்கால உச்ச நேரத்துக்கும் இருந்த எட்டு மடங்கு வித்தியாசத்தை ஆறு மடங்காகக் குறைத்தது. காலை உச்ச நேரத்தை இரண்டு மணியாக்கி மாலையை மூன்று மணியாக நீட்டியது. கார் வைத்திருப்பவருக்கு இதன் பொருள் எளிது: மாலை வீட்டுக்கு வந்ததும் செருகினாலும் ஓடத் தொடங்குவது பத்து மணிக்குப் பிறகு இருக்க வேண்டும். டைமரைக் காரிலேயே வைத்துவிடலாம்.

ஆனால் இந்தக் கட்டணத்துக்கு மாறினால் வீடு முழுவதும் மாறும், கார் மட்டும் மாறாது. மாலையில் எல்லாரும் வீட்டில் கூடிச் சமைக்கும் கூட்டுக் குடும்பமாக இருந்தால், காரில் மிச்சம் பிடித்ததை அடுப்பில் விட்டுவிடுவீர்கள். கீசருக்கும் டைமர் வைக்கத் தயார் என்றால் மட்டும் மாறுங்கள். ப்ரீபெய்டு மீட்டரில் ஒரே விலையில் இருப்பவர்களுக்கு இரவும் பகலும் ஒன்றுதான். அங்கே லாபம் பெட்ரோலோடு ஒப்பிட்டால் மட்டும்.

கேப் டவுனில், ரைலண்ட்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி: மிஞ்சும் சோலார் மின்சாரத்தை அனுமதியோடு திருப்பிக் கொடுத்தால் மாநகராட்சி பணம் தருகிறது. பகலில் கார் வீட்டில் நிற்காதவர்களுக்கு இது பொருந்தும். பகலில் விற்று இரவில் வாங்குவது.

படி 6: தொழில் செய்பவர்கள் — கணக்கு இங்கேதான்

மூன்று சலுகைகள் ஒன்றின்மேல் ஒன்றாக வரும்.

வாட்: வாட் பதிவு பெற்ற தொழில் என்றால், தொழிலுக்குப் பயன்படும் அளவுக்குச் சார்ஜரிலும் மாட்டும் கூலியிலும் உள்ள 15 சதவீதத்தை உள்ளீடாகத் திரும்பக் கேட்கலாம். பயணிகள் கார் வாங்கும்போது கட்டிய வாட்டைப் பொதுவாகக் கேட்க முடியாது, சட்டமே மறுக்கிறது. பலர் அதை மனதில் வைத்து, "காருக்கே கிடையாது, சார்ஜருக்கு எங்கே" என்று விட்டுவிடுகிறார்கள். சார்ஜர் கார் அல்ல. கேளுங்கள்.

தேய்மானம்: வருமான வரிச் சட்டத்தின் 11(இ). பொருளின் பயன்படு காலத்துக்கு அதன் விலையைப் பிரித்து ஆண்டுதோறும் கழிப்பது. 7,000 ராண்டுக்குக் குறைவான பொருளை ஒரே ஆண்டில் எழுதிவிடலாம். கையடக்க சார்ஜர் சில இதற்குள் அடங்கும். சிறு தொழில் கம்பெனியாக, அதாவது ஆண்டு விற்றுவரவு 2 கோடி ராண்டுக்குள், பங்குதாரர்கள் எல்லாரும் தனிநபர்கள் என்பது முதலான நிபந்தனைகளுக்கு உட்பட்டிருந்தால், 12இ பிரிவில் முதல் ஆண்டு 50, அடுத்து 30, பிறகு 20 சதவீதம் என்று மூன்றே ஆண்டில் முடித்துவிடலாம்.

எண்ணில் பார்ப்போம். விலைகள் உதாரணத்துக்குத்தான். சார்ஜர் 20,000, கேபிளும் கூலியும் 14,000, ஆக 34,000. வாட் 5,100. கையிலிருந்து போவது 39,100 ராண்ட். வாட் 5,100 திரும்பும். மீதி 34,000-ஐ 12இ-யில் 17,000, 10,200, 6,800 என்று கழித்தால், 27 சதவீதக் கம்பெனி வரியில் மிச்சம் 4,590, 2,754, 1,836, மொத்தம் 9,180. ஆக 39,100-இல் 14,280 திரும்பி வந்தது, சார்ஜரின் உண்மை விலை 24,820. மானியமே இல்லாத நாட்டில் இது மோசமில்லை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சிறு தொழில் கம்பெனிக்கு வரி அடுக்கடுக்காக ஏறும். முதல் அடுக்குக்கு வரியே இல்லை, அடுத்தது வெறும் 7 சதவீதம். லாபம் குறைவாக உள்ள கம்பெனி மேலே சொன்ன 9,180-ஐப் பார்க்காது. வரி கட்டாதவருக்கு வரிக்கழிவால் பயன் இல்லை. இதைச் சொல்லாமல் "27 சதவீதம் திரும்பும்" என்று கொட்டேஷனில் அச்சடிப்பவர்களை நம்பாதீர்கள்.

இன்வாய்ஸைப் பிரிக்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான். சார்ஜரும் அதை நிறுவும் நேரடிச் செலவும் தேய்மானத்தில் சேரும். ஆனால் அதே சாக்கில் கடையின் பழைய டிபி போர்டு முழுவதையும் மாற்றி, சுவர் பூசி, தரைக்குக் கான்கிரீட் போட்டால், அது கட்டடத்தோடு சேர்ந்த நிரந்தர வேலை. 11(இ) அதை ஏற்காது. "எலெக்ட்ரிகல் வேலை, மொத்தம் 60,000" என்று ஒரே வரியில் இருந்தால், தணிக்கை வரும் நாளில் உங்களால் எதையும் பிரித்துக் காட்ட முடியாது. சார்ஜர், அதற்கான தனிக் கேபிள், பிரேக்கர், கூலி, டிபி போர்டு மாற்றம், கட்டட வேலை என்று தனித்தனி வரியாக வாங்குங்கள். வேலை தொடங்குமுன் கொட்டேஷனிலேயே இதைக் கேட்டால் எலெக்ட்ரிஷியன் முகம் சுளிக்கமாட்டார்.

சோலார், 12பி: 125 சதவீதம்தான் போயிற்று, அதற்கு முன்பிருந்த 12பி இன்னும் இருக்கிறது. தொழிலுக்காக 1 மெகாவாட்டுக்கு மிகாத சோலார் போட்டால் செலவில் 100 சதவீதத்தையும் முதல் ஆண்டிலேயே கழிக்கலாம். 1,50,000 ராண்ட் சோலாருக்கு 27 சதவீதத்தில் 40,500 முதல் ஆண்டிலேயே மிச்சம். சார்ஜரை இதற்குள் நுழைக்கப் பார்க்காதீர்கள். 12பி மின்சாரம் உண்டாக்கும் பொருளுக்கு. சார்ஜர் அதைச் செலவழிக்கும் பொருள். ஒரே ஒப்பந்தக்காரர் இரண்டையும் செய்தாலும் சோலார் தனி இன்வாய்ஸ், சார்ஜர் தனி இன்வாய்ஸ். வாகன நிறுத்தத்தின் மேல் பேனல் போடுகிறீர்கள் என்றால், பேனலைத் தாங்குவதற்கென்றே வடிவமைத்த சட்டகம் சேரும். வெறும் தகரக் கூரை சேராது. அதையும் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஒருநாள் அந்தப் பேனல்களை விற்றால், கழித்த தொகையில் விற்ற விலை வரை மறுபடி வருமானமாகச் சேர்ந்து வரி வரும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

படி 7: சம்பளக்காரர் — கிலோமீட்டர் படி

வேலை விஷயமாகச் சொந்தக் காரில் சுற்றுபவர்கள், மருந்து விற்பனைப் பிரதிநிதிகள், தள ஆய்வுக்குப் போகும் பொறியாளர்கள் கவனிக்க வேண்டிய இடம். முதலாளி கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தரும் பணம் சார்ஸ் விதித்த அளவைத் தாண்டாமலும், வேறு பயணப்படி எதுவும் வாங்காமலும் இருந்தால் அதற்கு வரி இல்லை. 2025 மார்ச்சில் தொடங்கிய வரி ஆண்டுக்கு அந்த அளவு 4.76 ராண்ட். பெட்ரோல் கார், எலெக்ட்ரிக் கார் என்று அது பிரிக்கவில்லை!

மாதம் 1,000 கிலோமீட்டர் வேலைப் பயணம் என்றால் 4,760 ராண்ட், வரியில்லாமல். வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு 3 ராண்ட் என்று வைத்தால் அந்த ஆயிரம் கிலோமீட்டருக்கு ஆகும் மின்செலவு சுமார் 540. மீதியில் காரின் தேய்மானம், காப்பீடு, டயர் எல்லாம் போக வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் வீட்டு சார்ஜரின் விலையைச் சத்தமில்லாமல் கட்டி முடிக்கும் வழி சம்பளக்காரருக்கு இதை விட்டால் வேறில்லை. பயணப் பதிவேடு கட்டாயம்: தேதி, எங்கிருந்து எங்கே, எதற்காக, ஓடோமீட்டர் எண். வீட்டிலிருந்து அலுவலகம் போவது வேலைப் பயணம் ஆகாது. அது சொந்தப் பயணம்.

படி 8: முதலாளிகள் — ஊழியருக்குத் தருவதில் வரி ஒளிந்திருக்கிறது

அலுவலகத்தில் சார்ஜர் போட்டு ஊழியர்களை இலவசமாகச் சார்ஜ் செய்யவிடுவது நல்ல எண்ணம்தான். ஆனால் ஊழியருக்குத் தரும் சலுகைகளின் வரியைச் சொல்லும், வருமான வரிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இதற்கென்று தனி விலக்கு எழுதப்படவில்லை. இலவசமாகவோ மலிவாகவோ தரும் சேவை ஊழியரின் வருமானத்தில் சேரக்கூடியது. யூனிட்டை அளக்கும் சார்ஜராகப் போட்டு, அடக்க விலையை ஊழியரிடம் வாங்கிக்கொள்வது தொந்தரவில்லாத வழி. கார்டைக் காட்டினால்தான் ஓடும் வகை இப்போது சாதாரணமாகக் கிடைக்கிறது.

ஊழியர் வீட்டில் கம்பெனி செலவில் சார்ஜர் போட்டுக் கொடுத்தால்? கம்பெனிக்கே சொந்தமாக வைத்து அவர் சொந்தத்துக்குப் பயன்படுத்தினால், விலையில் அல்லது சந்தை மதிப்பில் எது குறைவோ அதன் 15 சதவீதம் ஆண்டுதோறும் அவருடைய வருமானத்தில் சேரும். 24,000 ராண்ட் சார்ஜருக்கு ஆண்டுக்கு 3,600. 36 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு 1,296 ராண்ட் வரி. அன்பளிப்பாகவே கொடுத்துவிட்டால் முழு மதிப்பும் அந்த ஆண்டே சேரும். கம்பெனிக்குச் சொந்தமாக வைப்பது ஊழியருக்கு இலேசு. வேலையை விட்டுப் போகும்போது கழற்றுவதா, எந்த விலைக்குக் கொடுப்பதா என்று முன்கூட்டியே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

படி 9: அடுக்குமாடியும் கம்ப்ளெக்ஸும்

அம்ஷ்லாங்கா, மிட்ரண்ட் பக்கம் வாழும் நம் ஆட்களில் பலர் செக்ஷனல் டைட்டிலில், அதாவது வீடு தனக்கும் கட்டடம் எல்லாருக்குமாகச் சொந்தமான அமைப்பில், இருப்பவர்கள். நிறுத்துமிடம் உங்களுக்கென்று ஒதுக்கியிருந்தாலும் சுவரும் மெயின் கேபிளும் எல்லாருடைய சொத்து. பாடி கார்ப்பரேட் (உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்த அமைப்பு) அனுமதி இல்லாமல் ஒரு திருகாணியும் போடாதீர்கள்.

பொதுச் சார்ஜராக வைப்பதென்றால் செக்ஷனல் டைட்டிலுக்கான நிர்வாக விதி 29-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். நியாயமான தேவைக்கான மேம்பாடு என்றால், செலவு விவரத்தோடு எல்லா உரிமையாளருக்கும் எழுத்தில் அறிவிப்பு. 30 நாளில் யாரும் கூட்டம் கேட்காவிட்டால் மேலே போகலாம், கேட்டால் சிறப்புத் தீர்மானம். ஆடம்பரம் என்று முத்திரை குத்திவிட்டால் ஒருமனதான தீர்மானம் வேண்டும், அது நடக்காது. எனவே கடிதத்தை எழுதும்போதே ஆடம்பரம் என்ற பேச்சு எழாதபடி எழுத வேண்டும்: ஒவ்வொருவர் மின்சாரமும் தனித்தனியாக அளக்கப்படும், கார் இல்லாதவர் லெவியில் (மாதப் பராமரிப்புக் கட்டணத்தில்) ஒரு காசும் ஏறாது, கட்டடத்தின் மொத்தச் சுமை மீறாது. இந்த மூன்றுக்கும் விடை இல்லாமல் கூட்டத்துக்குப் போனால் முதல் கேள்வியிலேயே சாய்ந்துவிடுவீர்கள். டிரஸ்டிகள் (பாடி கார்ப்பரேட்டின் நிர்வாகிகள்) காரணமில்லாமல் இழுத்தடித்தால், இப்படிப்பட்ட குடியிருப்புத் தகராறுகளை விசாரிக்கும் கம்யூனிட்டி ஸ்கீம்ஸ் ஓம்பட் சேவையில் முறையிடலாம்.

கோயில் கமிட்டிகளுக்கு ஒரு வார்த்தை

இந்தப் பேச்சும் வரத் தொடங்கியிருக்கிறது. ஈஸ்டர் சமயத்தில் மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயில் பக்கம் கார் நிறுத்த இடம் தேடியவர்களுக்குத் தெரியும், திருவிழாக் கூட்டத்துக்குச் சார்ஜர் போட்டு மாளாது. வாராந்தர வழிபாட்டுக்கும் மண்டபக் கல்யாணத்துக்கும் ஒன்றிரண்டு போடலாம் என்றால் சரி. ஆனால் வரி விலக்கு பெற்ற பொதுநல அமைப்புக்கு வரிக்கழிவால் ஆதாயம் இல்லை. அதைவிட முக்கியம்: சமயப் பணிக்கு மட்டும் தரும் நன்கொடைக்கு 18ஏ ரசீது, அதாவது கொடுத்தவர் வரியில் கழித்துக்கொள்ள உதவும் ரசீது, கொடுக்க முடியாது. "சார்ஜருக்குப் பணம் தாருங்கள், வரியில் கழித்துக்கொள்ளலாம்" என்று யாரிடமும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளூர் வியாபாரி ஒருவர் தன் கடைப் பெயரைப் பெட்டியில் போட்டு விளம்பரச் செலவாக ஏற்றுக்கொள்கிறார் என்றால் அது வேறு. அதற்கு விளம்பர ஒப்பந்தமும் இன்வாய்ஸும் இருக்க வேண்டும்.

படி 10: காகிதங்கள்

வேலை முடிந்த அன்றே கையில் வாங்க வேண்டியது சிஓசி, அதாவது மின் இணக்கச் சான்றிதழ். பழைய வீட்டுச் சான்றிதழ் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கவிடாதீர்கள். புதிதாகச் சேர்த்த சுற்றுக்கும் சான்றிதழ் வேண்டும், பதிவு பெற்றவர் கையெழுத்தோடு. எர்த் லீக்கேஜ், சார்ஜரின் டிசி கசிவுப் பாதுகாப்பு இரண்டையும் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். கடைசித் தவணைப் பணத்தைச் சான்றிதழ் வரும் வரை கொடுக்க வேண்டாம். பணம் போன பிறகு சான்றிதழுக்காக ஒருவரை மாதக்கணக்கில் துரத்திய வாடிக்கையாளர் எனக்கு உண்டு. சான்றிதழ் இல்லாமல் தீப்பிடித்தால் காப்பீட்டில் சண்டை, வீட்டை விற்கும்போதும் மாற்றப் பத்திரத்துக்கு முன் இதே காகிதத்தைத்தான் கேட்பார்கள். நகலை வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, சார்ஜரையும் சோலாரையும் பாலிசியில் சேர்த்துவிட்டதாக மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சார்ஸுக்காக வைத்திருக்க வேண்டியவை: பிரித்து எழுதிய வரி இன்வாய்ஸ், பணம் கட்டிய வங்கி ஆதாரம், பயன்பாட்டுக்கு வந்த தேதியைக் காட்டும் சிஓசி, தொழில்-சொந்தம் விகிதத்தைக் காட்டும் பயணப் பதிவேடு அல்லது சார்ஜர் செயலியிலிருந்து எடுத்த மாத அறிக்கை. ரிட்டர்ன் கொடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு பத்திரமாக இருக்கட்டும்.

தேதியும் முக்கியம். கழிவு தொடங்குவது பணம் கட்டிய நாளில் அல்ல, பொருள் பயன்பாட்டுக்கு வந்த நாளில். தனிநபர் வரி ஆண்டு பிப்ரவரி கடைசியில் முடிகிறது; உங்கள் கம்பெனியின் கணக்காண்டும் அப்படியே என்றால், ஜனவரியில் பணம் கட்டிவிட்டு எலெக்ட்ரிஷியன் மார்ச்சில் வந்தால் ஓர் ஆண்டுக் கழிவு தள்ளிப்போகும். நவம்பரிலேயே ஆளைப் பிடித்துவிடுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை கட்டட வேலையாட்கள் யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.